அரசியின் மிதியடிப் பணம்
(புனித சவேரியாரின் வாழ்விலிருந்து)

பொம்மையார்பாளையத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கியதும் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் உப்பளங்களைக் காண்பர். உச்சி வெயிலில் கால் வெடிக்க நின்று உப்பு வாரும் மக்களை நாமும் எத்தனையோ முறை பேருந்தின் சன்னல் வழியே பார்த்திருக்கிறோம். அந்த அளத்திற்கும் நாம் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல்லுக்கும் உறவு உண்டு. முற்காலத்தில் உழைத்தவனுக்குச் சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாக அளந்து கொடுத்தமையால் 'சம்பளம்' என்ற சொல் பிறந்தது என்று கூறுவர். இலத்தீன் மொழியிலும் ஊதியத்தைக் குறிக்கும் சொல் உப்பைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையதே. உழைத்தவனுடைய சோற்றுக்கு உப்பாவது இருக்க வேண்டும் என்பது உலகம் முழுதும் ஒப்புக்கொண்ட நியாயம் போலும்!

ஆனால் ஆண்டவருக்காக உழைப்பவருடைய நிலை என்ன? குருக்களுக்கும், உபதேசியார்களுக்கும், மறைக்கல்வி கற்பிப்போருக்கும் ஊதியம் கேட்கும் உரிமை உண்டா? கோயில் வேலைக்குக் கூலி எதற்கு, புண்ணியம் போதாதா என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இக்கேள்விக்கு வாதத்தால் அன்றித் தம் வாழ்வால் விடை அளித்த ஒருவர், 480 ஆண்டுகளுக்கு முன் நம் தமிழ்க் கடற்கரையில் வெறுங்காலோடு நடந்தார். அவரே நாம் ஆண்டுதோறும் டிசம்பர் 3-ஆம் நாள் விழா எடுக்கும் புனித பிரான்சிஸ் சவேரியார்.

கோட்டையில் பிறந்த பிள்ளை

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் உள்ள நவாரா அன்று தனி அரசாக இருந்தது. அங்கே சவேரியார் கோட்டையில் 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் பிரான்சிஸ் பிறந்தார். தந்தை அரசவையில் உயர் பதவி வகித்தவர். தாய் மரியா, அக்கோட்டைக்கு உரிமை உடையவர். வீட்டின் கடைக்குட்டியாகச் செல்வத்தில் வளர்ந்த அவருக்கு 9 வயது நடந்தபோது தந்தை இறந்தார். நவாரா மாற்றார் கைப்பட்டிருந்த காலம் அது. 1516-இல் கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடித்துத் தள்ளப்பட்டன. பிறந்த வீடு இடிபடுவதைக் கண்ணால் கண்ட சிறுவன், இழந்த பெருமையை மீட்டே தீருவேன் என்ற வேட்கையோடு வளர்ந்ததில் வியப்பில்லை.

1525-இல் பிரான்சிஸ் பாரீசுப் பல்கலைக்கழகம் சென்றார். விளையாட்டில் வல்லவர், படிப்பிலும் தேர்ந்தவர். 1530-இல் முதுகலைப் பட்டம் பெற்று, மெய்யியல் கற்பிக்கும் ஆசிரியரானார். பம்ப்லோனா பேராலயத்தில் நல்ல வருமானமும் மதிப்பும் உடைய ஒரு பதவியைப் பெற வேண்டும், குடும்பத்தின் பெயரை நிலைநாட்ட வேண்டும் என்பது அவரது கனவாக இருந்தது. அதற்காகத் தம் குலச் சிறப்பை மெய்ப்பிக்கும் சான்று பெறவும் முயன்றார்.

அவ்வேளையில்தான் அவர் தங்கியிருந்த அறைக்கு ஒரு முதிய மாணவர் வந்து சேர்ந்தார். போரில் குண்டடி பட்டுக் கால் சற்று விந்தும் அவர் பெயர் இஞ்ஞாசியார். உலகம் முழுவதையும் தனதாக்கிக் கொண்டாலும் ஆன்மாவை இழந்தால் என்ன பயன் என்னும் ஆண்டவருடைய கேள்வியை இஞ்ஞாசியார் அவர் காதில் விடாது ஓதி வந்தார் என்பது மரபு. முதலில் எள்ளி நகைத்த பிரான்சிஸ் சிறிது சிறிதாக உருகினார். 1534-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், அன்னையின் விண்ணேற்பு விழாவன்று, மோன்மார்த்தர் குன்றில் இருந்த சிற்றாலயத்தில் எழுவர் கூடி ஏழ்மையையும் கற்பையும் மேற்கொள்வதாக ஆண்டவருக்கு வாக்களித்தனர். அவர்களுள் பிரான்சிசும் ஒருவர். வருமானம் தரும் பதவியைத் தேடியவர், வருமானமே வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்! 1537-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் வெனிசு நகரில் குருத்துவ அருட்பொழிவு பெற்றார்.

உரிமைகள் பல இருந்தும்

போர்த்துக்கல் மன்னர் மூன்றாம் ஜான், இந்தியாவுக்குக் குருக்களை அனுப்புமாறு வேண்டினார். புறப்பட வேண்டியவர் பொபதில்லா என்ற வேறொரு துறவி. அவர் நோயுற்றதால், 1540-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவருக்குப் பதிலாகச் சவேரியார் புறப்பட நேர்ந்தது. ஆயத்தத்திற்கு ஒரே நாள்தான் இருந்தது. கிழிந்த அங்கியைத் தைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

1541-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், தம் 35-ஆம் பிறந்த நாளன்று, லிஸ்பனில் கப்பலேறினார். அப்போது அவர் சாதாரணக் குரு அல்லர். கிழக்கு நாடுகளுக்குத் திருத்தந்தையின் தூதர். அதற்குரிய திருத்தந்தையின் மடல்கள் அவரிடம் இருந்தன. மன்னருடைய கருவூலத்திலிருந்து எதை வேண்டுமானாலும் பெறலாம் என்ற நிலை. அரசு அதிகாரியாகிய பிரபு ஒருவர், தூதராகச் செல்பவருக்கு ஒரு வேலைக்காரனாவது வேண்டும், கப்பலின் மேல்தளத்தில் தம் துணியைத் தாமே துவைத்துத் தம் உணவைத் தாமே சமைத்தால் மதிப்புக் குறையுமே என்று வற்புறுத்தினார். இத்தகைய மதிப்பைத் தேடித் தேடித்தான் திருச்சபை இந்நிலைக்கு வந்திருக்கிறது என்று சவேரியார் மறுத்துவிட்டார். சில நூல்களும், குளிர்மிகுந்த தென்முனையைக் கடக்கும்போது போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி ஆடையுமே அவர் ஏற்றவை.

13 மாதப் பயணம்! தமக்கு வந்த உணவை நோயாளிகளுக்குக் கொடுத்தார். மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் தங்க நேர்ந்தபோது, தாமே நோயுற்ற நிலையிலும் பிறருக்குப் பணிவிடை செய்தார். 1542-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் கோவா வந்து சேர்ந்ததும், அந்நகர ஆயரின் முன் மண்டியிட்டுத் திருத்தந்தையின் மடல்களை அவரிடம் நீட்டினார். ஆயர் விரும்பினால் மட்டுமே அவ்வதிகாரத்தைப் பயன்படுத்துவதாகக் கூறினார். தங்கும் இடமாக மாளிகையை அன்று, மருத்துவமனையைத் தேர்ந்தார். தெருக்களில் மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி மறைக்கல்வி கற்பித்தார்.

இங்கே நாம் திருத்தூதர் பவுலை நினைக்காமல் இருக்க முடியாது. கொரிந்து நகரில் அக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியரோடு தங்கிக் கூடாரம் செய்து பிழைத்தார் பவுல். நற்செய்தி அறிவிப்போர் நற்செய்தியால் பிழைக்க உரிமை உண்டு என்று அவர் அக்கொரிந்தியருக்கே தெளிவாக எழுதினார். அவ்வுரிமையை நான் பயன்படுத்தவில்லை என்றும் அதே கடிதத்தில் எழுதினார். இரண்டையும் சேர்த்து எழுதியதில்தான் அவருடைய நேர்மை இருக்கிறது. தாம் விட்டுக்கொடுத்த ஒன்றைப் பிறரும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவர் சட்டம் வகுக்கவில்லை. பிலிப்பியர் அன்போடு அனுப்பிய உதவியை மறுக்கவும் இல்லை.

முத்துக்குளித்துறையில்

1542-ஆம் ஆண்டு அக்டோபர் அளவில் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டணம், மணப்பாடு முதலிய ஊர்களில் வாழ்ந்த பரதவ மக்கள் சுமார் 20,000 பேர், 1535-ஆம் ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டுகளிலும் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் அவர்களுக்கு மறையைக் கற்பிக்க எவரும் இல்லை. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது; கடைசி வரை அது அவருக்கு எளிதாக வரவும் இல்லை. ஆயினும் போர்த்துக்கீசு அறிந்த உள்ளூரார் சிலரைக் கூட்டி, முக்கிய செபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு ஊர் ஊராக நடந்தார். மீனவர் உண்ட உணவே அவர் உணவு; மீனவர் குடிசையே அவர் வீடு. மணப்பாட்டில் கடலை ஒட்டிய குகை ஒன்றில் அவர் செபித்தார் என்று இன்றும் மக்கள் அங்கே சென்று வணங்குகின்றனர்.

ஊர்களோ பல, அவரோ ஒருவர். ஓர் ஊரை விட்டு அடுத்த ஊருக்குப் போனால் முன்னைய ஊர்ப் பிள்ளைகள் கற்றதை மறந்துவிடுவார்கள். ஆகவே ஒவ்வோர் ஊரிலும் ஓர் உள்ளூர்க்காரரைக் கணக்கப்பிள்ளையாக நியமித்தார். பிள்ளைகளைக் கூட்டிச் செபம் சொல்லிக் கொடுப்பது, உயிருக்குப் போராடும் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பது, பிறப்பையும் திருமணத்தையும் குறித்து வைப்பது, சிற்றாலயத்தைப் பேணுவது ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. சனிக்கிழமைகளில் பெண்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்களும் ஆலயத்தில் கூடி மறையைக் கற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்தக் கணக்கப்பிள்ளைகள் துறவியர் அல்லர். மனைவி மக்கள் உடையவர்கள். காலையிலும் மாலையிலும் பிள்ளைகளுக்குக் கற்பித்தால் கடலுக்குப் போவது எப்போது? கடலுக்குப் போகாவிடில் உலை கொதிப்பது எப்படி? கடற்கரையில் வாழும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சவேரியாருக்கும் இது நன்கு புரிந்தது. தாம் எதுவும் வாங்காமல் வாழ்கிறோம், நீங்களும் அவ்வாறே வாழுங்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கலாம். கேட்பதற்குப் பக்தியாகக்கூட இருந்திருக்கும். அவர் அவ்வாறு சொல்லவில்லை. தமக்கென ஒரு காசு கேட்க நாணியவர், அவர்களுக்காக அரசாங்கத்தின் கதவைத் தட்டினார்!

அக்காலத்தில் முத்துக்குளித்துறை மக்கள், போர்த்துக்கீசியர் தந்த பாதுகாப்புக்காக ஆண்டுதோறும் வரி செலுத்தி வந்தனர். அவ்வரியில் 4,000 பொற்பணம் போர்த்துக்கல் அரசி கத்தரீனாவின் மிதியடிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். மூச்சடக்கி ஆழ்கடலில் மூழ்கி, சுறாவுக்கும் சூறைக்கும் தப்பி எடுத்த முத்தின் வருவாய், கண்காணாத தேசத்தில் ஓர் அரசியின் காலில் மிதியடியாக மாறிக் கொண்டிருந்தது! அப்பணத்தைக் கணக்கப்பிள்ளைகளின் ஊதியத்திற்குத் தர வேண்டும் என்று சவேரியார் வேண்டினார். இக்கரைப் பிள்ளைகளின் செபத்தைவிட நல்ல மிதியடி, அரசி விண்ணகம் ஏறுவதற்குக் கிடைக்காது என்னும் கருத்தில் அவர் எழுதினாராம். அரசி மகிழ்ச்சியோடு இசைந்தார். மக்களிடமிருந்து போன பணம் மக்களின் பிள்ளைகளுக்கே திரும்பி வந்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. தம் உடன் உழைப்பாளர் மன்சிலாசுக்கு 1544-இல் அடுத்தடுத்துக் கடிதங்கள் எழுதினார். மக்களிடம் பொறுமையும் அன்பும் காட்டுக, பிள்ளைகளுக்குக் கற்பிப்போருக்குரிய பணத்தைக் கொடுக்க என்னும் அறிவுரைகள் அவற்றில் இடம்பெற்றன. 1548-இல் இக்கரையில் பணிபுரிந்த தம் சபையினருக்கு அவர் வகுத்துக் கொடுத்த நெறிமுறைகளில், ஆலயத்தில் மக்கள் இடும் காணிக்கைகளை ஏழைகளுக்கே பகிர்ந்தளிக்க வேண்டும்; தம் சபையினர் தமக்கென அதில் எதையும் எடுக்கலாகாது என்று கட்டளையிட்டார். கணக்கப்பிள்ளைக்கு ஊதியம் நியாயம். ஏழைக்குக் காணிக்கை நியாயம். தமக்கோ ஒன்றும் வேண்டா. இதுதான் சவேரியாரின் கணக்கு!

1544-ஆம் ஆண்டு வடுகர் படை இக்கரையைச் சூறையாடியது. மக்கள் குமரிமுனைப் பாறைகளில் ஒளிந்து பசியாலும் தாகத்தாலும் வாடினர். சவேரியார் 20 தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். எதிர்க்காற்று தோணிகளை முன்னேற விடவில்லை. அவர் திரும்பி வந்து ஓய்ந்து உட்காரவில்லை. கால்நடையாகவே அவர்களைத் தேடிச் சென்றார். ஊழியருக்கு மக்கள் உதவ வேண்டும் என்பது உண்மை. மக்களுக்குத் துன்பம் வரும்போது ஊழியர் எங்கே நிற்கிறார் என்பதும் அதே அளவு முக்கியம் அன்றோ?

1545-இல் அவர் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாப்பூருக்கு வந்து, புனித தோமாவின் கல்லறை அருகே ஏறக்குறைய நான்கு மாதம் தங்கிச் செபித்தார். நாகையிலிருந்து மயிலைக்குச் செல்பவர் நம் கரையைக் கடந்துதான் செல்ல வேண்டும் என்று எண்ணும்போது நம் நெஞ்சம் பூரிக்கிறது.

ஏழ்மைக் கோலத்தையும் துறந்தவர்

மலாக்கா, மொலுக்கா தீவுகள் எனச் சுற்றிய பின், 1549-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் சவேரியார் சப்பானில் கால் வைத்தார். அங்கு நடந்த ஒரு செய்தி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. கந்தல் உடுத்திப் போனவரை அந்நாட்டு மக்கள் எள்ளி நகையாடினர். தலைநகர் கியோத்தோவில் பேரரசரைக் காணவும் இயலவில்லை. ஏழ்மைக் கோலம் நற்செய்திக்கு இடையூறாக இருப்பதை உணர்ந்தார். 1551-இல் யமாகுச்சி நகரத் தலைவரிடம் பட்டாடை உடுத்தி, கடிகாரம் முதலிய பரிசுப் பொருட்களோடு சென்றார். மகிழ்ந்த தலைவர் பொன்னும் வெள்ளியும் கைம்மாறாக அளித்தார். சவேரியார் அவற்றை வாங்கவில்லை. போதிப்பதற்கு அனுமதி ஒன்றே கேட்டுப் பெற்றார்.

கந்தல் உடுத்துவதில்கூட அவருக்குப் பிடிவாதம் இல்லை. ஏழ்மையும் அவருக்கு ஒரு பெருமையாகிவிடவில்லை. நற்செய்திக்காகப் பட்டையும் உடுத்தார்; நற்செய்திக்காகப் பொன்னையும் மறுத்தார்.

சீன நாட்டுக்குள் நுழைய வழி தேடிக் காத்திருந்தபோது, சான்சியான் தீவில் காய்ச்சல் கண்டது. 1552-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் விடியுமுன், கடலோரக் குடிசை ஒன்றில், அந்தோனி என்ற சீன இளைஞர் மட்டும் அருகிருக்க, தம் 46-ஆம் வயதில் உயிர் நீத்தார். அவரது உடல் மலாக்கா வழியாக 1554-இல் கோவா வந்து சேர்ந்தது. 1622-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள், தம்மை மனந்திருப்பிய இஞ்ஞாசியாரோடு ஒரே நாளில் புனிதராக உயர்த்தப்பட்டார். 1927-இல் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவோடு மறைபரப்புப் பணியின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார்.

அவர் இட்ட வித்து வீண் போகவில்லை. அவருக்குப் பின் இக்கரையில் அரை நூற்றாண்டு உழைத்த அண்டிரிக் அடிகளார் தமிழை நன்கு கற்று, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் மறைக்கல்வி நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். குருக்கள் எட்ட முடியாத ஊர்களில் செபமும் விசுவாசமும் அழியாமல் காத்தவர்களோ பெயர் தெரியாத அக்கணக்கப்பிள்ளைகளே.

நமக்கு ஒரு பாடம்

அன்பு மாணவியரே, இவ்வாழ்வில் நாம் கற்க வேண்டியது யாது? தன் உரிமையைத் துறப்பது புண்ணியம். பிறர் உரிமையைத் துறக்கச் சொல்வது புண்ணியம் ஆகாது. இவ்விரண்டையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். நம் அருட்சகோதரியர் ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்திருக்கின்றனர்; அது அவர்கள் மனமுவந்து ஆண்டவருக்குத் தந்த காணிக்கை. அதைக் காட்டி, குடும்பத்தோடு வாழும் உபதேசியாருக்கோ, ஆலயத்தைப் பெருக்கும் அம்மாவுக்கோ குறைத்துக் கொடுத்தால் அது நியாயமா? முழுநேர உபதேசியார்களுக்கு மதிப்போடு வாழத் தக்க நியாயமான ஊதியம் தரப்பட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் மறைபரப்புப் பணி பற்றிய ஏட்டில் கூறியிருக்கிறது. 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பும் குருக்களுக்கும் திருச்சபைப் பணியில் உள்ள பொதுநிலையினருக்கும் தக்க ஊதியம் உரியது என்கிறது. திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது விசுவாசிகள் அனைவரின் கடமை என்றும் சொல்கிறது. சவேரியார் மிதியடிப் பணத்தைக் கேட்டு வாங்கியபோது செய்ததும் இதுவே.

பெற்றோருக்கும் ஒரு சொல். வீட்டில் விட்டுக்கொடுக்க வேண்டியவள் எப்போதும் பெண்பிள்ளைதான் என்ற வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றிலும் மறையவில்லை. தம்பிக்காகப் படிப்பை விட்டுக்கொடு, அண்ணனுக்காகப் பங்கை விட்டுக்கொடு என்கிறோம். அதற்குத் தியாகம் என்று பெயரும் சூட்டுகிறோம். தனக்குரியது இன்னது என்று தெரிந்து, தானே மனம் ஒப்பிக் கொடுப்பதே தியாகம். கேட்காமல் எடுத்துக்கொள்வதற்கு அப்பெயர் பொருந்தாது. பவுலும் சவேரியாரும் தம் உரிமையை நன்கு அறிந்திருந்தனர், அறிந்தே துறந்தனர்.

அடுத்த முறை மரக்காணத்து உப்பளங்களைக் கடக்கும்போது, அங்கே குனிந்து உப்பு வாருபவரை ஒரு நொடி நினைப்போம். நம் ஊர் ஆலயத்தில் மணியடித்து நம்மைச் செபத்திற்கு அழைப்பவரையும் நினைப்போம். அவர்கள் சோற்றுக்கு உரிய உப்பு அவர்களைச் சேர்ந்ததா என்று கேட்கும் மனம் நமக்கு வேண்டும். நமக்குரியதை ஆண்டவருக்காக மகிழ்வோடு கொடுக்கும் மனமும் வேண்டும். இவ்விரு வரங்களையும் புனித சவேரியார் நமக்குப் பெற்றுத் தருவாராக!